ஓட்டப் பாணி: உடம்பு கொடுத்தது எவ்வளவு, பழக்கம் கொடுத்தது எவ்வளவு?

சரியாக ஓடுவது எப்படி என்று தேடினால் எங்கு பார்த்தாலும் ஒரே படம்தான் கிடைக்கும். நிமிர்ந்த முதுகு, 90 டிகிரியில் மடங்கிய முழங்கை, முன்பாதத்தில் இறங்கும் கால், கீழே "நிமிடத்துக்கு 180 காலடி" என்று ஒரு வரி. படத்தில் இருப்பவரின் தொடை எவ்வளவு நீளம், கணுக்கால் எவ்வளவு மடங்கும், சின்ன வயதில் வெறுங்காலோடு திரிந்தாரா, நாளெல்லாம் நாற்காலியில் உட்காருகிறவரா என்பதெல்லாம் அதில் தெரியாது. அவர் அப்படி ஓடுவதற்குக் காரணமே இவைதான். படத்தைப் பார்த்து உடம்பை வளைக்கிறவர்களில் பலர் இரண்டே மாதத்தில் கெண்டைக்கால் வலியோடு நிற்கிறார்கள்.

மாற்ற வேண்டியது எது, சும்மா விட வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எலும்பின் நீளமும், தொடை எலும்பு இடுப்பில் பொருந்தும் கோணமும் மாறாது. தசையின் நெகிழ்வும் வலுவும் மாதக்கணக்கில் மாறும். காலடியின் தாளமும் உடம்பைச் சாய்க்கும் விதமும் சில வாரங்களில் மாறக்கூடியவை.

வெறுங்கால் கதையும் அதன் மறுபக்கமும்

2010ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஆய்வாளர் டேனியல் லீபர்மன் குழுவின் ஆய்வு வந்தது. கென்யாவின் கலென்ஜின் மக்களில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் கால் தரையைத் தொட்டவுடன் வரும் முதல் அதிர்ச்சி சிறிதாக இருக்கிறது என்று அது காட்டியது. ஊர் ஊராக ஆட்கள் ஷூவைக் கழற்றினார்கள். 2013ல் அதே கென்யாவின் வடக்கே வாழும் தாசனச் மக்களை அளந்தார்கள். இவர்களும் வெறுங்காலிலேயே வளர்ந்தவர்கள். ஆனால் நிதானமான வேகத்தில் இவர்களில் பெரும்பாலோர் குதிகாலில்தான் இறங்கினார்கள். வேகம் கூடியபோதுதான் மற்ற விதங்கள் அதிகமாயின. ஷூ இல்லாததால் மட்டும் பாணி வந்துவிடவில்லை. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில், எந்தத் தரையில் ஓடிப் பழகினோம் என்பதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறது.

ஷூ போட்டவர்கள் பக்கமும் அப்படித்தான். 2004ல் ஜப்பானின் சப்போரோ அரை மாரத்தானில், 15ஆவது கிலோமீட்டரில் 283 பேரைப் படம் பிடித்தார்கள். நல்ல தரமான ஓட்டக்காரர்கள். அவர்களில் சுமார் 75 சதவீதம் பேர் குதிகாலில் இறங்கினார்கள், முன்பாதத்தில் இறங்கியவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலாவை வெறுங்காலுக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அவர் வெறுங்காலில் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றது உண்மை. 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் வென்றதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

குழந்தைப் பருவம் பாதத்தில் தங்கிவிடும் என்பதில் ஐயமில்லை. 1992ல் இந்தியாவில் 4 முதல் 13 வயதுவரை 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்தபோது, செருப்பு, ஷூ அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. அணியாதவர்களில் அது 2.8 சதவீதம்தான். ஆனால் நாற்பது வயதில் ஷூவைக் கழற்றி எறிவதால் அந்தக் குழந்தைப் பருவம் திரும்ப வராது.

எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி ஓடும்போது இடது கை சற்று மடங்கி உடம்போடு ஒட்டியிருக்கும். சிறுவயதில் பள்ளிக்குப் புத்தகங்களை இடுக்கிக்கொண்டு தினமும் ஓடியதால் வந்தது என்பார்கள். அந்தக் கையோடுதான் அவர் உலக சாதனைகளை அடுக்கினார், யாரும் அதைத் திருத்த மெனக்கெடவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாடோபெக் தலையை ஆட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடியவர். பார்க்க அழகில்லை என்பது ஒன்றை மாற்றுவதற்குக் காரணம் ஆகாது. வலிக்கிறதா, ஆற்றல் வீணாகச் செலவாகிறதா என்ற இரண்டு கேள்விதான் முக்கியம்.

உங்கள் பழக்கங்களைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளில் எழுதிவிடுவது நல்லது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள், தரையில் குத்துக்காலிட்டு உட்காரும் பழக்கம் உண்டா, அன்றாடச் செருப்பின் குதி எவ்வளவு உயரம், முன்பு எந்த விளையாட்டு அல்லது நடனம், ஓடக் கற்றுக்கொடுத்தவர் யார்.

கடைசிக் கேள்வி பலருக்கு விசித்திரமாகப் படும். ஆனால் கெடுதல் அதிகம் அங்கிருந்துதான் வருகிறது. பள்ளி மைதானத்தில் கற்றுத்தருவது பெரும்பாலும் 100 மீட்டர் ஓட்டம்: முழங்காலைத் தூக்கு, நுனிக்காலில் ஓடு, காலை நீட்டிப் போடு. அதையே 10 கிலோமீட்டருக்குக் கொண்டுபோனால் கெண்டைக்காலும் முழங்காலும் தாங்காது. அணிவகுப்புப் பயிற்சியில் வளர்ந்தவர்கள் நெஞ்சை நிமிர்த்தி, குதிகாலை அழுத்தி இறக்குவார்கள். நடனம் ஆடியவர்களுக்கு இடுப்பிலிருந்தே கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். பெண் பிள்ளைகளிடம் அடக்கமாக நட, காலை அகட்டாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீடுகளில் கை உடம்போடு ஒட்டி, காலடி குறுகிப்போவதைப் பார்க்கலாம். சரியான தாங்கல் இல்லாத உள்ளாடையும் இதே வேலையைச் செய்யும். இதற்கு நுட்பப் பயிற்சி எதுவும் வேண்டாம். முதலில் உள்ளாடையை மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓடிப் பாருங்கள்.

நான்கு சோதனைகள்

முதலில் கணுக்கால். வெறுங்காலில் சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் நுனியைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள். குதிகாலைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட வேண்டும். முழங்கால் உள்ளே சாயாமல் இரண்டாவது விரலுக்கு நேரே போக வேண்டும். தொட்டால் போதுமானது. 7 செ.மீ.கூட வரவில்லை என்றால் ஓடும்போது குதிகால் சீக்கிரம் எழும், அல்லது பாதம் வெளியே திரும்பி அந்தக் குறையை ஈடுகட்டும். குத்துக்காலிட்டு உட்காருகிறவர்களுக்கு இது பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆண்டுக்கணக்கில் குதி உயர்ந்த செருப்பு போட்டவர்களுக்குக் கெண்டைத் தசை குறுகி, அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் விறைத்திருக்கும். இரண்டு காலையும் தனித்தனியே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைவான பக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்து இடுப்பு. உறுதியான மேசை விளிம்பில் உட்கார்ந்து மல்லாந்து படுங்கள். ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு மற்றக் காலைத் தொங்கவிடுங்கள். தொங்கும் காலின் தொடை மேசை மட்டத்துக்கு இறங்க வேண்டும். மேலேயே நின்றால் இடுப்பின் முன்பக்கத் தசைகள் இறுகியிருக்கின்றன. இது நாற்காலி கொடுத்தது. ஓடும்போது கால் பின்னே போக வழியில்லாமல் கீழ்முதுகு வளைந்து கொடுக்கும், அதனால்தான் தூரம் ஓடியபின் முதுகு பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது கெண்டைக்கால் வலு. சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, முழங்கால் மடங்காமல், ஒற்றைக் காலில் குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். 20 முதல் 25 முறை வர வேண்டும். 12இல் உயரம் குறைய ஆரம்பித்தால் முன்பாத ஓட்டத்தைப் பற்றி இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.

நான்காவது, கண்ணாடி முன் நின்று பாதமும் முழங்கால் சில்லும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனியுங்கள். இரண்டும் வெளியே பார்த்தால் திருப்பம் இடுப்பிலிருந்து வருகிறது. சில்லு நேராக இருந்து பாதம் மட்டும் வெளியே திரும்பியிருந்தால் அது கணைக்கால் எலும்பின் முறுக்காகவோ கணுக்கால் இறுக்கமாகவோ இருக்கலாம். சுவர்ச் சோதனையில் கணுக்கால் நன்றாக மடங்கினால் அது எலும்புதான், விட்டுவிடுங்கள். அப்படிப்பட்டவர் பாதத்தை வலுக்கட்டாயமாக நேராக்கினால் முழங்கால் உள்பக்கம் திருகும். இல்லாத நோயை வரவழைத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

படம் பிடிப்பது

போனை இடுப்பு உயரத்தில், ஓடும் பாதையிலிருந்து 3, 4 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 120 பிரேமாவது வேண்டும், 240 இருந்தால் நல்லது. பக்கத்திலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. ஓட ஆரம்பித்த உடனே எடுக்காதீர்கள். கேமராவுக்கு முன் எல்லோரும் அழகாகத்தான் ஓடுவார்கள். 20, 30 நிமிடம் ஓடிக் களைத்தபின் எடுத்தால்தான் உண்மை தெரியும்.

பக்கவாட்டுப் படத்தில் பாதம் தரையைத் தொடும் பிரேமில் நிறுத்துங்கள். பாதத்தின் எந்தப் பகுதி தொடுகிறது என்பதை விட்டுவிட்டுக் கணைக்காலைப் பாருங்கள். அது செங்குத்தாகவோ சற்று முன்னே சாய்ந்தோ இருந்தால், குதிகாலில் இறங்கினாலும் கவலையில்லை. முழங்காலைத் தாண்டி முன்னே பாதம் நீண்டு, கணைக்கால் பின்னே சாய்ந்திருந்தால் காலை நீட்டிப் போடுகிறீர்கள். ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. கால் முன்னே நீண்டிருந்தால் அதில் ஒரு பங்கு வேகத்துக்குத் தடையாகவும் முழங்காலுக்குச் சுமையாகவும் போகும். மாற்றினால் பலன் கிடைக்கும் குறைகளில் முதலிடம் இதற்குத்தான்.

பின்பக்கப் படத்தில், ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்பு மறுபக்கம் சரிகிறதா, பாதங்கள் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே விழுகின்றனவா என்று பாருங்கள். தொடைகள் உரசுகின்றன, கணுக்கால் உள்பக்கம் ஷூ தட்டிக் கறை படிகிறது என்றால் குறுக்கே விழுகிறது என்று படம் இல்லாமலே சொல்லிவிடலாம்.

முதலில் தாளம்

180 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ், போட்டி வேகத்தில் ஓடிய வீரர்களின் காலடிகளை எண்ணினார். ஏறக்குறைய எல்லோருமே 180ஐத் தொட்டிருந்தார்கள். உலகத்தர வீரர்களின் போட்டி வேகக் கணக்கு அது. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் ஓடும் 185 செ.மீ. உயர ஆளுக்கு அதைச் சட்டமாக்குவது அபத்தம்.

உங்கள் எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிதான வேகத்தில் வலது கால் 30 விநாடியில் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதில் 5 சதவீதம் கூட்டுவது இலக்கு. கிலோமீட்டருக்கு 6 நிமிடத்தில் 170 காலடி வைப்பவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 1,020 காலடி, ஒவ்வொன்றும் சுமார் 98 செ.மீ. அதே வேகத்தில் 178 ஆனால் காலடி நீளம் சுமார் 94 செ.மீ. ஆகும். வித்தியாசம் 4 செ.மீ.தான். ஆனால் இந்த அளவுக்கே முழங்கால் உள்வாங்கும் ஆற்றல் குறைகிறது என்பது 2011ல் வெளியான ஆய்வில் அளந்து காட்டப்பட்டது. 10 சதவீதம் கூட்டியபோது இடுப்பு மூட்டுக்கும் சுமை குறைந்தது. அதற்கு மேல் போனால் மூச்சு வாங்கும், பலனும் கூடாது.

முதல் இரண்டு வாரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் செயலியை ஓடவிட்டு, 1 நிமிடம் புதிய தாளம், 2 நிமிடம் பழைய தாளம் என்று ஆறு முறை. மூன்றாவது வாரத்திலிருந்து 5 நிமிடத் துண்டுகள். ஆறாவது வாரத்தில் நிதான ஓட்டம் முழுவதையும் அந்தத் தாளத்தில் ஓடலாம். எல்லோரும் செய்யும் தவறு, தாளம் கூடும்போது வேகத்தையும் கூட்டிவிடுவது. அப்போது காலடி குறுகாது, சுமையும் குறையாது. முதல் வாரங்களில் டிரெட்மில்லில் வேகத்தைப் பூட்டிவைத்துப் பழகினால் இந்தத் தவறு நடக்காது.

சாய்வு, அகலம், கை

"நிமிர்ந்து ஓடு" என்ற அறிவுரை முழங்கால் வலிக்காரர்களுக்கு எதிரி. உடம்பு செங்குத்தாக இருந்தால் முழங்காலைத் தாங்கும் முன்தொடைத் தசைக்கு வேலை கூடும். 5 முதல் 10 டிகிரி முன்னே சாய்ந்தால் அந்த வேலையில் ஒரு பங்கு பிட்டத் தசைக்கு மாறும். சாய்வு கணுக்காலிலிருந்து வர வேண்டும், இடுப்பை மடித்துக் கூனிவிடக் கூடாது. நேராக நின்று விழப்போகும் அளவுக்கு முன்னே சாய்ந்து, அந்தச் சாய்விலேயே ஓடத் தொடங்கிப் பாருங்கள், கணக்கு பிடிபடும். கீழ்முதுகு வலிக்காரர்கள் 5 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

பாதம் குறுக்கே விழுந்தால் தரையில் ஒரு கோடு போட்டு, கோட்டை மிதிக்காமல் இருபுறமும் கால் விழும்படி 100 மீட்டர் ஓடுங்கள். காலடி அகலம் 3, 4 செ.மீ. கூடினால் போதும். அதற்கு மேல் அகட்டினால் உடம்பு பக்கவாட்டில் ஆடும்.

கையை முதலில் தொடாதீர்கள். கால் வீசும்போது எழும் சுழற்சியைக் கை எதிர்ப்பக்கம் வீசிச் சமன் செய்கிறது. கையைப் பின்னால் கட்டி ஓடினால் சுமார் 3 சதவீதமும், தலைமேல் வைத்து ஓடினால் சுமார் 13 சதவீதமும் ஆற்றல் கூடுதலாகச் செலவாகும் என்று 2014ல் அளந்திருக்கிறார்கள். பெரும்பாலும் கை செய்வது கால் செய்வதற்கு எதிர்வினைதான். ஒரு கை மட்டும் அதிகமாக வீசினால் எதிர்க்கால் பலவீனமா என்று பாருங்கள். தோள் காதுவரை ஏறியிருந்தால் இறக்குங்கள், கையில் அவ்வளவு போதும்.

சொந்த உடம்பின் அசைவையே கவனித்துக்கொண்டு ஓடுவது ஆற்றல் செலவைக் கூட்டும். "முழங்காலை மடக்கு" என்பதைவிட "தரையைப் பின்னால் தள்ளு", "சத்தமில்லாமல் இறங்கு" போன்று கவனத்தை உடம்புக்கு வெளியே திருப்பும் கட்டளைகள் நன்றாக வேலை செய்யும். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு கட்டளை.

முன்பாதத்துக்கு மாறுவதாக இருந்தால்

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. முன்பாத இறக்கம் சுமையை ஒழிப்பதில்லை. முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் பாத எலும்புகளுக்கும் இடம் மாற்றுகிறது. முழங்கால் வலி திரும்பத் திரும்ப வருகிறவர், தாளத்தை மாற்றியும் குறையாதவர் முயலலாம். குதிநாண் வலி வந்தவர்கள் கிட்டவே போக வேண்டாம்.

ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது 25 முறை வந்தபின் ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் வீட்டில் வெறுங்கால் நடை. பிறகு ஓட்டத்தின் தொடக்கத்தில் 400 மீட்டர் மட்டும் புதிய விதம், மீதி பழையது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரத்துக்கு 400 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். ஷூவின் குதிக்கும் முன்பகுதிக்கும் உள்ள உயர வித்தியாசத்தை 10 மி.மீ.யிலிருந்து ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாமல், 8, 6, 4 என்று படிப்படியாக இறக்குங்கள். மெல்லிய அடித்தள ஷூவுக்கு 10 வாரத்தில் மாறிய ஓட்டக்காரர்களை 2013ல் ஸ்கேன் செய்து பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களின் பாத எலும்புகளுக்குள் நீர்க்கட்டு கூடியிருந்தது. தசை பழகிவிடும், எலும்பு அவ்வளவு சீக்கிரம் பழகாது. குதிகால் தரையைத் தொடாமல் நுனிக்காலிலேயே ஓடுவது இதில் நடக்கும் பெரிய பிழை. முன்பாதம் தொட்டபின் குதிகாலும் மெல்ல இறங்கித் தொட வேண்டும்.

கெண்டைக்கால் இருபுறமும் சமமாக வலித்து இரண்டு நாளில் போனால் அது பழக்கத்தின் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடிகளில் குதிநாண் விறைத்து, அது நாளுக்கு நாள் கூடினால் முந்தைய வாரத்தின் அளவுக்குத் திரும்புங்கள். பாதத்தின் மேல்பக்கம் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்து, ஒற்றைக் காலில் குதித்தால் அது கூடினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம்.

கூட்டத்தோடு ஓடும்போது

பக்கத்தில் ஓடுகிறவரின் தாளத்துக்குக் கால் தானாக இசைந்துவிடும். உயரமானவரோடு ஓடும் குள்ளமானவர் காலை நீட்டிப் போட ஆரம்பிப்பார். புதிய தாளம் பழகும் ஆறு வாரமும், வாரத்தில் அந்த இரண்டு பயிற்சி நாட்களில் தனியாக ஓடுங்கள்.

எட்டாவது வாரம் அதே இடத்தில், அதே வேகத்தில், அதே களைப்பில் திரும்பப் படம் எடுங்கள். கணைக்கால் கோணம் மாறி, வலி குறைந்திருந்தால் மட்டும் அடுத்த மாற்றத்தை எடுக்கலாம். கோணம் மாறியும் வலி அப்படியே இருந்தால் காரணம் பாணி அல்ல. வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் கூட்டினீர்கள் என்ற கணக்கைத் திறந்து பாருங்கள்.